பேராசிரியர் திருமலைக்கொழுந்து இருநூற்றுப் பதினேழு பேரான கதை

தென்கரைப் பல்கலைக்கழகத்தில் ஆராயாத பொருள் என்று ஒன்று கிடையாது. செம்மண் தேரியும் உடைமரமும் மயிலும் சுவரேறி வரும் வெள்ளாடுமாகக் கிடந்த அந்த நானூறு ஏக்கருக்குள், நெல்லுக்கு வரும் குலைநோயிலிருந்து கொற்கையில் கரைதட்டிய கப்பல்வரை, பப்பாளி இலைச்சாற்றில் வெள்ளித்துகள் பிரிப்பதிலிருந்து பனையேறிகளின் முழங்கால் வலிவரை, தெப்பக்குளத்துக் கொசுப்புழுவிலிருந்து சங்கத் தலைவியின் மன அழுத்தம்வரை, எல்லாவற்றையும் யாரோ ஒருவர் எங்கோ ஒரு மேசையில் குனிந்து ஆராய்ந்துகொண்டிருந்தார். ஆராய்ந்த அத்தனையின் தலையிலும் ஒரே பெயர் இருந்தது. பிள்ளையார் சுழி போடாமல் அந்தப் பக்கத்தில் யாரும் மளிகைச் சீட்டுகூட எழுதுவதில்லை. அதுபோல முனைவர் திருமலைக்கொழுந்து பெயரைப் போடாமல் அந்த வளாகத்திலிருந்து ஒரு கட்டுரையும் வெளியே போனதில்லை.

அவர் ஆராய்ச்சி டீன். முப்பது வருடத்துக்கு முன்னால் கெண்டைமீனின் செதிலைப் பற்றி அவரே எழுதியதாகச் சொல்லப்படும் ஓர் ஆய்வேட்டுக்குப் பிறகு அவர் எதையும் எழுதவில்லை, எதையும் படிக்கவும் இல்லை. அதற்கு அவசியமும் வரவில்லை. கட்டுரை எழுதியவர் அதை நீலக் கோப்பில் வைத்து டீன் அறைக்கு அனுப்ப வேண்டும். கோப்பு மூன்று நாள் அங்கே தூங்கும். எழுந்து வரும்போது முதல் பெயராக அவர் பெயர் உட்கார்ந்திருக்கும். முதலில் இருந்தவர் இரண்டாவதாகவும் இரண்டாவதாக இருந்தவர் மூன்றாவதாகவும் நகர்ந்திருப்பார்கள். கடைசியில் இருந்தவர், வெயிலில் நின்று வேலை பார்த்தவர் பெரும்பாலும் அவர்தான், கூட்டம் ஏறிய டவுன் பஸ்ஸின் படிக்கட்டில் நிற்கிறவனைப்போல ஒரு கையால் பிடித்துக்கொண்டு தொங்குவார். சில சமயம் விழுந்தும் போவார். விழுந்தவர்கள் வாய் திறந்ததில்லை. தங்களுக்கும் ஒருநாள் அதேபோல ஒரு நாற்காலியும் அதேபோல நீலக் கோப்புகளும் வரும் என்ற நப்பாசையில்தான் அவர்கள் தொங்கினார்கள் என்பதால், அவர்களுக்காக நாம் ரொம்பவும் உருக வேண்டியதில்லை.

அந்த வருடம் அப்படி இருநூற்றுப் பதினேழு கட்டுரைகள் வெளியாகியிருந்தன. புரட்டாசி மாதம் பத்தொன்பதாம் தேதி பாராட்டு விழா. பொன்னாடைமேல் பொன்னாடையாக ஏறி, மேடையில் கடைசியாக அவருடைய தலையும் சாயம் பூசிய மீசையும் மட்டுமே தெரிந்தன. துணைவேந்தர் மைக்கைப் பிடித்து, "இரண்டு நாளைக்கு ஒன்று என்ற கணக்கையும் தாண்டி, இத்தனை துறையில் இத்தனை ஆராய்ச்சி. ஒரே ஒரு மனிதரால் இது முடியுமா?" என்று கேட்டார். அவர் அதைப் புகழ்ச்சியாகத்தான் கேட்டார். ஆனாலும் கேட்டது கேட்டதுதான்.

மேடைக்குக் கீழே பக்கவாட்டில் ஒரு பிளாஸ்டிக் உறையோடு பிரம்மசக்தி நின்றுகொண்டிருந்தாள். முப்பத்தாறு வயது, விலங்கியல் துறையில் எட்டாவது வருட ஆய்வு மாணவி. தேரி மணலில் புற்று வைக்கும் ஒருவகைச் சிவப்பு எறும்பு, மழைக்கு முந்திய நாள் தன் புற்றின் வாயை மணல் கொண்டு அடைத்துவிடும். எந்த மழைக்கு அடைக்கும், எந்த மழைக்கு ஏமாந்து நனையும் என்று ஏழு வருடம் தேரியில் குத்தவைத்து உட்கார்ந்து அறுநூறு புற்றுகளைப் பார்த்து எழுதியிருந்தாள். ஆய்வேடு முடிந்து, கட்டி, அட்டை போட்டாயிற்று. ஒரு பக்கம் மட்டும் காலி. வழிகாட்டியின் சான்றிதழ்ப் பக்கம் அது. அதில் திருமலைக்கொழுந்து கையெழுத்துப் போட வேண்டும். முப்பதாம் தேதி மாலை ஐந்து மணிக்குள் தேர்வுப் பிரிவில் ஒப்படைக்காவிட்டால் பதிவு செத்துப்போகும், கூடவே ஏழு வருடமும். கால நீட்டிப்புக்கு விண்ணப்பிக்க வழி உண்டு. அந்த விண்ணப்பத்திலும் வழிகாட்டி கையெழுத்துப் போட வேண்டும்.

பொன்னாடைகளைக் களைந்துவிட்டு அவர் காருக்கு நடந்தபோது அவள் குறுக்கே போய் நின்றாள்.

"சார், அந்த ஒரு கையெழுத்து."

"விழா அன்னிக்கா இதையெல்லாம் தூக்கிட்டு வருவே? நாளைக்குக் காலைல வாம்மா. சாவகாசமா உக்காந்து, படிச்சுப் பாத்துப் போடுதேன்."

மறுநாள் காலையில் அவள் போனபோது இருநூற்றுப் பதினேழு பேர் இருந்தார்கள்.

துறை துறையாக உதவியாளர்கள் பூட்டைத் திறந்தபோது, ஒவ்வொரு அறையிலும் மின்விசிறிக்கு நேர் கீழே ஒரு திருமலைக்கொழுந்து, சாம்பல் நிறச் சஃபாரியில், காலைத் தளர நீட்டி உட்கார்ந்து, "டீ சொல்லியாச்சா?" என்று கேட்டார். "சார் இன்னைக்கு வெள்ளனயே வந்துட்டியளே" என்று எல்லாத் துறையிலும் சொன்னார்கள், டீயும் சொன்னார்கள். விரல்ரேகை எந்திரம் ஒவ்வொரு கட்டைவிரலுக்கும் நன்றி சொல்லி வரவு வைத்துக்கொண்டது. பதினொரு மணிக்கு எல்லாரும் கேண்டீனில் கூடிய பிறகுதான் இது ஒரு ஆள் சமாச்சாரம் இல்லை என்று தெரிந்தது. தெரிந்ததும் கேண்டீன்காரர், "இத்தனை பேருக்கு வடைன்னா முந்தின நாளே உளுந்து ஊறப் போடணும்லா, ஒரு வார்த்தை சொல்லியிருக்கப்புடாதா" என்று குறைபட்டுக்கொண்டார். அவ்வளவுதான். வியப்பு என்று அந்த வளாகத்தில் அன்றைக்கு நடந்தது அது ஒன்றே.

மத்தியானம் இருபது முப்பது பேர் குவார்ட்டர்ஸுக்குச் சாப்பிடப் போனார்கள். அவருடைய மனைவி கோமதியம்மாள் கம்பிக் கதவுக்குப் பின்னால் நின்று வரிசையை ஒரு முறை கண்ணால் அளந்துவிட்டு, "ஒருத்தரா இருக்கும்போதே வீட்டுக்கு ஒண்ணுக்கும் ஆகல. இத்தனை பேரை வச்சுக்கிட்டு நான் என்ன செய்ய? அங்கயே சாப்பிட்டு அங்கயே கெடங்க" என்று தாழ்ப்பாளைப் போட்டாள். ஆகவே அவர்கள் கருத்தரங்கக் கூடங்களில் படுத்துக்கொண்டார்கள். தூங்குவதற்கு அந்தக் கூடங்கள் ஏற்கெனவே பழகியவைதான்.

முகம் ஒன்று, சஃபாரி ஒன்று, குரல் ஒன்று. ஆனால் ஒவ்வொருவருக்கும் ஒரு கட்டுரைதான் தெரியும். அதைத் தவிர வேறு எதுவும் தெரியாது. அதோடு, அந்தக் கட்டுரையை உண்மையில் எழுதியது யாரோ அவருடைய உடம்பு அவர்களுக்குள் இருந்தது. குலைநோய் சார், பம்புசெட்டில் கால் மாட்டிய ஆய்வு மாணவர் இருளப்பனைப்போல வலது காலைச் சற்று இழுத்து நடந்தார். கொற்கைக் கப்பல் சாருக்குப் பீடி தேவைப்பட்டது. சங்கத் தலைவி சார் எதைச் சொல்வதற்கு முன்னாலும் ஒருமுறை தொண்டையைக் கனைத்துக் கண் கலங்கினார். படிக்கட்டில் தொங்கியவர்கள் எல்லாம் எப்படியோ உள்ளே ஏறிச் சீட்டில் உட்கார்ந்துவிட்டார்கள். பெயரும் முகமும் மட்டும் அவருடையதாகவே இருந்தன. பதினோரு பேர், முன்தலையில் முடியே இல்லாதபோதும், விழுந்த முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்குவதுபோல அடிக்கடி கையைக் கொண்டுபோனார்கள், நாற்காலியிலும் குத்தவைத்தே உட்கார்ந்தார்கள். பிரம்மசக்தி அவர்களைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எறும்பைப் பற்றி மூன்றும், அவர் சொன்னாரென்று வேறு எதை எதையோ பற்றி எட்டுமாகப் பதினோரு கட்டுரைகள் அவள் எழுதிக் கொடுத்தவை.

துணைவேந்தர் அன்றிரவு பூஜையறையில் கூடுதலாக ஒரு விளக்கு ஏற்றினார் என்று சொல்வார்கள். பதினொரு வருடமாக நிரப்பாமல் கிடந்த ஆசிரியர் இடங்கள் நூற்றுச் சொச்சம். அடுத்த வாரம் தரமதிப்பீட்டுக் குழு வருகிறது. கடவுளாகப் பார்த்து ஆட்களை அனுப்பியிருக்கிறார், அதுவும் அத்தனை பேரும் பேராசிரியர்கள், அத்தனை பேரும் முனைவர்கள், அத்தனை பேருக்கும் சேர்த்து ஒரே பணிப்பதிவேடு, ஒரே சம்பளம். மறுநாளே சுற்றறிக்கை வந்தது. வகுப்புகளைத் தாங்கிக்கொண்டிருந்த கௌரவ விரிவுரையாளர்கள் நூற்று முப்பது பேருடைய தன்னலமற்ற சேவைக்கு நன்றி தெரிவித்து, பிற்பகலுக்குள் அறைச் சாவிகளை ஒப்படைக்கச் சொன்னது.

அந்த நூற்று முப்பதில் ஒருத்தி சகாயராணி. வரலாறு நடத்துகிறவள், பிரம்மசக்தியோடு ஒரே அறையில் வாடகைக்கு இருந்தவள். அவளுடைய வகுப்பைக் கப்பல் சார் எடுத்துக்கொண்டார். அவருக்குக் கொற்கைக் கப்பல் ஒன்றுதான் தெரியும் என்பதால் பிரெஞ்சுப் புரட்சியையும் அந்தக் கப்பலில் ஏற்றியே நடத்தினார். பிள்ளைகள் வித்தியாசம் கண்டுபிடிக்கவில்லை.

"ஒம்போது வருசம் நடத்துனதுக்கு இதுதான் மருவாதி" என்றாள் சகாயராணி, பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டே. "ஒன் கையெழுத்து என்னட்டி ஆச்சு?"

"அசல் சார்தான் போடணும்ங்காவ. தேர்வுப் பிரிவுல ஆதிமூலம் அண்ணாச்சி ஒரே பிடியா நிக்காவ. எது அசல்னு கண்டுபிடிக்க குழு போட்டிருக்கு."

"குழு எப்போ சொல்லுமாம்?"

"ஆறு மாசத்துல."

சகாயராணி கயிற்றை இறுக்கி முடிச்சுப் போட்டாள். "ஏட்டி, நான் ஒண்ணு கேக்கேன். அந்த ஆளுக்கு லீவ் லெட்டர் நீதான் எழுதுதே, கையெழுத்தும் நீதான் போடுதே. பரிந்துரைக் கடிதம், வருகைப் பதிவு, மத்த பிள்ளைகளோட சான்றிதழ்கூட நீ போட்டதுதான். இதையும் கிறுக்கிட்டுப் போவியா, அதை விட்டுட்டு அசலைத் தேடிட்டு அலையுதே."

"இது ஒண்ணை மட்டும் போட மாட்டேன்."

"ஏன்?"

"அவரு படிக்கணும். ஒரு பக்கமாவது."

சகாயராணி அவளைப் பார்த்த பார்வையில் கோபம்கூட இல்லை. எட்டு வருடம் ஒரு இடத்தில் குத்தவைத்து உட்கார்ந்தால் புத்தி அப்படித்தான் போகும் என்பதுபோலப் பார்த்துவிட்டு, சாக்கைத் தலையில் ஏற்றிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தாள்.

தரமதிப்பீட்டுக் குழு வந்தது, இரண்டு நாள் இருந்தது, எல்லாத் துறைக்கும் போனது. போன இடமெல்லாம் அதே பேராசிரியர் எழுந்து நின்று வணங்கி, தன் பொருளைப் பற்றிப் பிசகில்லாமல் பேசினார். குழுத் தலைவர் மூன்றாவது துறையில் கொஞ்சம் கண்ணைக் கசக்கினார், நான்காவதில் பழகிவிட்டது. ஆராய்ச்சியின் அகலம் வியப்பளிப்பதாகவும், ஆசிரியர்களிடையே கருத்து வேற்றுமை என்பதே காணப்படவில்லை என்றும், இவ்வளவு ஒருமனப்பட்ட ஒரு பல்கலைக்கழகத்தைத் தாங்கள் இதுவரை பார்த்ததில்லை என்றும் எழுதி, இருப்பதிலேயே உயர்ந்த தரத்தைக் கொடுத்துவிட்டு, ஆளுக்கொரு பனங்கற்கண்டுப் பெட்டியோடு ரயிலேறினார்கள்.

பிரம்மசக்தி இதற்குள் தேரிக்குப் போய்வரத் தொடங்கியிருந்தாள். அறையில் இருப்புக்கொள்ளாதபோது அவள் போகும் இடம் அதுதான். ஒருநாள் அந்தப் பதினோரு பேரில் ஒருவர் பின்னால் வந்தார், எறும்பு சார். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, புற்றுகளை மிதிக்காமல் அவள் நடக்கும் தடத்திலேயே நடந்து வந்து, பக்கத்தில் குத்தவைத்தார்.

"நானூத்திப் பன்னெண்டாம் புத்து போன ஐப்பசியில ஏமாந்துச்சே. அதை ஏன் நாலாம் இயல்ல சேக்கல?"

எட்டு வருடத்தில் ஒரு மனிதர் வாயிலிருந்து நானூற்றுப் பன்னிரண்டு என்ற எண் வந்து அவள் கேட்டதில்லை. சேர்த்தால் கணக்கு கெட்டுவிடும் என்று பயந்ததைச் சொன்னாள். அவர் தலையாட்டினார். மூன்று நாள் அவர்கள் பேசினார்கள், கிழக்கேயிருந்து வரும் காற்றைப் பற்றி, ஈரத்தை எறும்பு காலால் அறிகிறதா உணர்கொம்பால் அறிகிறதா என்பது பற்றி, முதல் வருடத்தில் எண்ணாமல் விட்ட புற்றுகளைப் பற்றி. அவள் சிரித்ததை ஆடு மேய்க்கிறவர்கள் பார்த்தார்கள். நான்காம் நாள் அவள் கேட்டாள்:

"சார், இதுல நான் பாக்காத தப்பு எதுவும் ஒங்களுக்குத் தெரியுதா?"

அவர் கையைக் காதுக்குப் பின்னால் கொண்டுபோனார். நானூற்றுப் பன்னிரண்டைச் சொன்னார். காற்றைச் சொன்னார். முதல் வருடத்தைச் சொன்னார். அவ்வளவும் அவள் ஏற்கெனவே தனக்குத்தானே சொல்லிக்கொண்டது. அதற்கு மேல் ஒரு சொல் அவரிடம் இல்லை. ஒரு வாசகன் வேண்டும் என்று கேட்டவளுக்கு ஒரு கண்ணாடியை அனுப்பியிருந்தார்கள். அவள் மணலைத் தட்டிக்கொண்டு எழுந்தாள். தேதி இருபத்தொன்பது.

திரும்பி வரும் வழியில்தான் அவளுக்கு அது பிடிபட்டது. இந்த இருநூற்றுப் பதினேழு பேருக்கும் ஏதாவது ஒன்று தெரியும். யாருக்கு எதுவுமே தெரியாதோ, அவர்தான் அசல். இது அசலைக் கண்டுபிடிக்கப் போட்ட குழுவில் இருந்த ஏழு பேருக்கும் முதல் கூட்டத்திலேயே தெரிந்திருக்கும். அதை வாய்விட்டுச் சொல்லத்தான் ஆறு மாதம் கேட்டிருக்கிறார்கள்.

முப்பதாம் தேதி காலை எட்டு மணிக்கு நெல்லிலிருந்து ஆரம்பித்தாள். அறை அறையாகப் போய், "வணக்கம் சார், ஒங்க கட்டுரை எதைப் பத்தி?" என்று கேட்டாள். ஒவ்வொருவரும் சொன்னார்கள், தெளிவாக, சுருக்கமாக, கேட்டவளுக்கே கொஞ்சம் பொறாமை வரும்படி சொன்னார்கள். இருநூற்றுப் பதினேழு பேரையும் பார்த்து முடித்தபோது மணி மூன்று. அசலைக் காணோம். அப்படியானால் இருநூற்றுப் பதினெட்டாவதாக ஒருவர் இருக்க வேண்டும், எண்ணிக்கையில் வராமல்.

விலங்கியல் அருங்காட்சியகத்தில், பஞ்சடைத்த முதலைக்கும் புட்டியில் மிதக்கும் இரட்டைத்தலை ஆட்டுக்குட்டிக்கும் நடுவே, முக்காலியில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். சஃபாரி கசங்கியிருந்தது. மீசையின் சாயம் அடியில் வெளுத்திருந்தது.

"சார், தேரி எறும்பு ஏன் மழைக்கு முன்னால வாயை அடைக்குது?"

அவர் நிமிர்ந்து, கண்ணை மூடி, திறந்தார்.

"அதை ஒரு பன்முகப் பார்வையில அணுகணும்மா" என்றார்.

அவள் நெஞ்சில் பால் வார்த்ததுபோல இருந்தது.

"எங்க சார் போயிட்டிய பத்து நாளா?"

"முதல் நாள் எல்லாரும் கூடி ஆளாளுக்கு அவனவன் கட்டுரையைப் பத்திப் பேசுதானுவ. என்கிட்ட, ஒமக்கு எது கட்டுரைன்னு கேட்டானுவ. எல்லாமே என்னோடதுன்னேன். சிரிச்சுட்டானுவம்மா. என் மூஞ்சியை வச்சுக்கிட்டு என்னையவே பாத்துச் சிரிக்கானுவ." அவர் முதலையின் மூக்கைத் தடவினார். "நீ எப்படிம்மா என்னைக் கண்டுபிடிச்சே?"

"பழக்கம் சார்" என்று ஆய்வேட்டை நீட்டினாள். "இன்னைக்குக் கடைசி நாள்."

அவர் முகத்தில் பழைய களை ஏறியது. ஆய்வேட்டைக் கையால் தூக்கி எடை பார்த்தார். "இதுல இன்னும் எத்தனை கட்டுரை தேறும்?"

"ரெண்டு தேறும். ஆனா ஒங்க பேரைப் போட்டா இன்னும் ரெண்டு பேரு வந்துருவாவளே சார்."

"வரட்டுமே. எண்ணிக்கைக்கு ஆச்சுல்லா."

பத்து நாள் முதலையோடு இருந்தும் அந்த மனிதருக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதைப் பார்த்து அவள் ஒரு விதத்தில் அசந்துதான் போனாள். பிறகு அவர் தன் தேவையைச் சொன்னார்: நான்தான் அசல் என்று நீ எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடு, நான் இதில் போடுகிறேன். அவள் எழுதினாள்; இவரே பேராசிரியர் திருமலைக்கொழுந்து என்பது எட்டு வருடப் பழக்கத்தில் எனக்கு ஐயமறத் தெரியும், என்று. காரணத்தை எழுதவில்லை.

"சார், போடுததுக்கு முன்னால ஒரு பக்கம் படிச்சுப் பாருங்க. எந்தப் பக்கமானாலும் சரி."

"அதுக்கென்ன" என்று அவர் கண்ணாடியை மாட்டி ஆய்வேட்டைத் திறந்தார். எறும்பின் படத்தைத் தாண்டி, அட்டவணைகளைத் தாண்டி, விரலை எச்சில்படுத்திப் பின்னுக்கும் முன்னுக்கும் தள்ளி, ஒரு பக்கத்தில் நின்று, விரலை வைத்து வரி வரியாகக் கீழே இறங்கினார். அவள் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தாள். அது நன்றியுரைப் பக்கம்.

"எனக்கு ஆறு வரிதானா?" என்றார். "ஒங்க அம்மாவுக்கே அஞ்சு இருக்கே."

பிறகு சான்றிதழ்ப் பக்கத்தில் பேனாவை வைத்தார். வைத்தவர் கொஞ்சம் யோசித்தார். பெரிதாக ஒரு 'தி' போட்டு, அதன் வாலை மீன்முள்போல இழுத்து, கடைசியில் எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் நிறுத்தினார்.

நாலேகாலுக்கு இருவரும் தேர்வுப் பிரிவில் இருந்தார்கள். கண்காணிப்பாளர் ஆதிமூலம், இருபத்தாறு வருடச் சேவையில் எந்தத் தாளையும் முதல் தடவையிலேயே வாங்கியதில்லை என்ற பெயரை உடையவர். அவளுடைய சாட்சிக் கடிதத்தைப் படித்துத் தலையாட்டி வைத்துக்கொண்டார், பீரோவைத் திறந்து மாதிரிக் கையெழுத்துக் கோப்பை எடுத்தார், ஏழு வருடத்துக் காகிதங்களைப் புரட்டி, ஒவ்வொன்றாக அந்தப் பக்கத்தோடு வைத்துப் பார்த்தார்.

"இது சார் கையெழுத்து இல்லையேம்மா."

"அண்ணாச்சி, என் கண்ணு முன்னால போட்டாவ."

"அது சரி. ஒத்துப்போகலையே. இந்தா பாரு, லீவ் விண்ணப்பம், இந்தா, பரிந்துரை, இந்தா, போன வருசத்துப் பிள்ளைகளோட சான்றிதழ். எல்லாம் அச்சு மாதிரி ஒண்ணுபோல இருக்கு. இது என்னமோ கோழி கிண்டுன மாதிரில்லா இருக்கு."

திருமலைக்கொழுந்து மேசையில் குத்தினார். "யோவ், நான் டீன்யா."

"எல்லாரும் அதான் சார் சொல்லுதாவ" என்றார் ஆதிமூலம் மரியாதையாக. "கோவப்படாதிய. இந்தத் துண்டுத் தாள்ல இன்னும் ஒரு மூணு போடுங்க."

அவர் மூன்று போட்டார். மூன்றும் மூன்று விதமாக இருந்தன. ஆதிமூலம் காவலாளியைக் கூப்பிட்டார். இவர் பேராசிரியர் இல்லை, இவருக்கென்று கட்டுரையும் இல்லை, எண்ணிக்கையிலும் இல்லை, ஆகவே இவரை வளாகத்துக்குள் வைத்துக்கொள்ள விதி இடம் கொடுக்கவில்லை என்று ஒரு குறிப்பு எழுதி, அவருடைய கழுத்திலிருந்து அடையாள அட்டையைத் தானே கழற்றி, கோப்பில் தைத்துக்கொண்டார். திருமலைக்கொழுந்து பிரம்மசக்தியைப் பார்த்து, "நீ சொல்லும்மா" என்றார். அவள் ஏற்கெனவே எழுத்தில் சொல்லியிருந்தாள்; அது மேசைமேல் விசிறிக் காற்றில் படபடத்துக்கொண்டிருந்தது, அதற்கு மேல் யாரும் அதைத் தொடவில்லை. காவலாளி அவரைத் தோளைத் தொடாமல், பழைய பயம் கொஞ்சம் மிச்சமிருந்ததால், கையை நீட்டி வழிகாட்டி வெளியே கூட்டிப்போனார்.

ஆதிமூலம் அந்தப் பக்கத்தைக் கிழித்து எறிந்துவிட்டு, ஆய்வேட்டின் கடைசியில் வழக்கம்போலச் சேர்த்திருந்த வெற்றுச் சான்றிதழ்ப் படிவத்தை எடுத்து முன்னால் வைத்தார். "மணி நாலு நாப்பதும்மா. கையெழுத்து ஒத்துப்போற சார் யாரையாவது கூட்டிட்டு வந்துரு. அசல் நகல்னு நான் இனிமே பாக்கல."

நடையில் அந்தப் பதினோரு பேரும் நின்றுகொண்டிருந்தார்கள். அவள் எங்கே போனாலும் இப்போது அவர்களும் வந்துவிடுவார்கள். எறும்பு சார் முன்னால் வந்து கையை நீட்டினார். "குடு, நான் போடுதேன். நான் முழுசாப் படிச்சிருக்கேன்லா."

அது பொய்யில்லை. அவள் அந்தக் கையைப் பார்த்தாள். அவருடைய தடித்த விரல், அவருடைய மோதிரம். பேனாவைப் பிடிப்பதற்காகக் குவிந்திருந்த விதம் மட்டும் அவளுடையது. அந்த ஒரு பக்கத்தை மட்டும் வெறுமையாக வைத்திருந்து, கடைசியில் நிஜக் கையெழுத்தை வாங்கிவந்தாள். அதைத்தான் இந்த இடம் பொய் என்று கிழித்தது. இனி இவரைப் போடவிட்டால், தான் போட்டதையே இன்னொரு கையால் போட்டு, தான் போடவில்லை என்று சொல்லிக்கொள்வதாகும். அந்த வேலையைச் செய்யத்தான் இங்கே நானூறு ஏக்கர் நிறைய ஆட்கள் இருக்கிறார்களே.

அவள் ஆதிமூலத்தின் எதிரிலேயே பெஞ்சில் உட்கார்ந்து, பேனாவைத் திறந்து, அவர் பார்த்துக்கொண்டிருக்க, வழிகாட்டி என்ற இடத்தில் கையெழுத்தைப் போட்டாள். ஆதிமூலம் தாளை வாங்கிக் கோப்போடு வைத்து, அடிக்கோலால் வாலின் நீளத்தைக்கூட அளந்தார்.

"இப்பத்தான் சரி. இதுதான் சாரு கையெழுத்து."

"நான் போட்டதை நீங்க பாத்தியள்லா, அண்ணாச்சி."

"யாரு போட்டாங்கது என் பிரிவு இல்லம்மா" என்றார் அவர், முத்திரையை மையில் அழுத்தியபடி. "ஒத்துப்போகுதாங்கதுதான் என் பிரிவு."

முத்திரை விழுவதற்கு முன்னால் அவள் அந்த அச்சடித்த வாக்கியத்தை ஒருமுறை படித்தாள். இந்த ஆய்வு முழுக்க முழுக்க எனது நேரடி வழிகாட்டுதலில் நடைபெற்றது, இதன் ஒவ்வொரு பக்கத்தையும் நான் வாசித்துச் சரிபார்த்துள்ளேன், இதில் வேறு எவருடைய பங்கும் இல்லை. பல்கலைக்கழகம் தொடங்கிய நாளிலிருந்து எத்தனையோ ஆயிரம் தடவை கையெழுத்தாகிவந்த வாக்கியம் அது. அதில் ஒரு பொய்யும் இல்லாமல் போனது அன்றைக்குத்தான்.

நாலு ஐம்பத்திரண்டுக்கு ஒப்புகைச் சீட்டை வாங்கிக்கொண்டு அவள் நடைக்கு வந்தாள். பத்துப் பேர் வழிவிட்டு ஒதுங்கினார்கள். எறும்பு சார் மட்டும் கூடவே வந்தார், அவளுடைய நடையிலேயே, படிகள்வரை.

"அடுத்தது என்ன எழுதலாம்?" என்று ஆவலாகக் கேட்டார்.

"நீங்களே எழுதுங்க சார்" என்றாள்.

சொல்லிவிட்டுப் படியிறங்கி, வாசலைத் தாண்டி, பஸ் நிற்கும் பக்கமாகப் போய்விட்டாள். அவர் ஒரு காலைத் தூக்கினார். அவள் இன்னும் எழுதாத அடி அது. அதை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. தூக்கிய காலோடு முதல் படியிலேயே நின்றார்.